பரணைப் பார்த்த கண்

துக்க வீட்டுக்குள் நுழைந்தால் நாம் மாலை போட்ட படத்தைப் பார்ப்போம். பழம்பொருள் சேர்க்கும் நம்மவர் பரணைப் பார்ப்பார். “அண்ணன் தங்கமான மனுஷர்…” என்று தொடங்கி, குரல் தழுதழுக்க, “அந்த மூலையில பழுப்பா தெரியறது ஊறுகா ஜாடியா ஆச்சி?” என்று முடிப்பார்.

இறக்கித் தந்ததும் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தடவுவார். மெருகு ஏறாத அந்த வட்டத்தின் தேய்மானத்தில்தான் வயது இருக்கிறதாம். பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. ‘டொக்’ என்றால் எங்கோ மயிரிழை விரிசல். கணீரென்றால் முழுசு, அப்போதும் முகத்தைச் சுளிப்பார். விலை பேசுமுன் சுளிக்காத முகம் ஜாடி வாங்க லாயக்கில்லாதது. “ராணிப்பேட்டைச் சரக்கு ஆச்சி. மூடி வேற ஜோடி மாறியிருக்கு. உங்களுக்காக எடுத்துக்கறேன்.”

அவர் வீட்டு வாசற்படி ஏறியதும் அதே ஜாடிக்கு வயது கூடத் தொடங்கும். முதல் வாரம், கொண்டுவிற்கப் போன செட்டியார் பர்மாவிலிருந்து கப்பலேற்றிய மர்த்தபான் ஜாடி. அடுத்த வாரம் இபன் பதூதாவே வந்துவிடுவார். இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் உப்பிலிட்ட மர்த்தபான் ஜாடிகள் தமக்குக் கிடைத்ததாக 14-ஆம் நூற்றாண்டில் அந்த யாத்ரீகர் சொல்லி வைத்தது நிஜம். அதில் ஒன்று காரைக்குடியில் இறங்கியது நம்மவர் கைச்சரக்கு.

வாங்க ஆள் வந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளின் விலையைச் சொல்லி, அதற்கு மேல் ஒன்று வைப்பார். அதற்கும் அந்த ஆள் தலையாட்டிவிட்டால் போச்சு. விற்பதாக இல்லை என்பார்.

“1,200 டிகிரியில வெந்த மண்ணுங்க. உப்பு, புளிப்பு எதுவும் உள்ள இறங்காது. நம்ம பாட்டிமார் சும்மாவா இதுல ஊறுகா போட்டாங்க?” என்று வந்தவரிடம் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி கேட்டார்: “ஏங்க, அப்ப இந்த மாவடுவை அதுல ஒண்ணுல போட்டுறட்டுமா?”

“ஐயையோ! உப்புப் பட்டா என்னத்துக்காகும்?”

மாவடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் ஊறுகிறது. அன்று சாப்பாட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தவர், பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார்.

“இந்த மாடல் இப்ப வர்றதில்ல. காலியானதும் கழுவி எங்கிட்ட குடு.”