பறக்கும் மைத்துனரும் பழைய டியூபும்

கேள்வி: அமெரிக்காவில் என் மைத்துனர் வீட்டு கராஜிலேயே ஆர்.வி. 7 விமானம் கட்டுகிறார். டயர் புதுசு, டியூப் பழசே போதும் என்கிறார். போதுமா?

பதில்: இன்ஜினில் ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டிவிட்டு டியூபில் சிக்கனமா! தடுக்கவும் ஆளில்லை. சொந்தமாகக் கட்டிய விமானம் அங்கே 'பரிசோதனை' வகை. டியூப் விஷயம் கட்டியவர் பாடு.

ஆனால் காற்றோடு நாள்பட இருந்த டியூப் நீண்டு பெருத்துவிடும். தீபாவளிக்குப் பிந்தைய இடுப்பு மாதிரி, பழைய அளவுக்குத் திரும்பாது. புது டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும். மடிப்பு உரசித் தேய்ந்து ஓட்டையாகும். புது டயருக்குப் புது டியூப் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. (விற்பவர்களும் அவர்கள்தானே என்பார் மைத்துனர். இருந்தாலும் உண்மை உண்மைதான்.)

ஆர்.வி. 7 வால்சக்கர ரகம் வேறு. தரையிறங்கி ஓடும்போது ஒரு பக்கம் காற்று போனால், அந்தப் பக்கமே இழுத்துச் சுழன்று இறக்கையைத் தரையில் தேய்த்துவிடலாம். ஒரு இறக்கை விலைக்கு எத்தனை டியூப் வரும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

புதுசைப் பியூட்டைல் ரப்பரில் வாங்கட்டும். காற்று சீக்கிரம் இறங்காது. டால்க் பவுடர் தூவி மாட்டட்டும். வீல் இரண்டு பாதியாக வரும். போல்ட் முடுக்கும்போது நடுவில் டியூப் சிக்கினால் புதுசும் போச்சு.

பழசு? 5 அங்குல வீல் டியூப், நீச்சல் பழகக்கூட உதவாது. ரப்பர் பேண்டாக நறுக்கிக்கொள்ளட்டும். விமானம் கட்டிய பில்களைச் சேர்த்துக் கட்ட நிறையவே தேவைப்படும்.