டுபாய்க்குப் போகாமலே பாலைநடை

டுபாயில் வேலை பார்க்கும் நம் சொந்தக்காரர்கள், வெயில் தணியும் மாதங்களில் பிள்ளைகுட்டிகளோடு ஹத்தா மலைக்கு நடக்கப் போகிறார்கள். புல் பூண்டு இல்லாத கல்லில் குடும்பமாக நடப்பது இப்போது நாகரிகம். இதற்கு விமானம் எதற்கு? மழை பொய்க்கட்டும், கண்டிக்கு அருகிலுள்ள தெல்தெனியவுக்கு பஸ் ஏறினால் போதும்.

அங்கே 122 மீட்டர் உயர விக்டோரியா அணையை 1985இல் திறந்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. புதியது மேட்டில் எழுந்தது. கடும் வறட்சியில் பழைய நகரத்தின் மிச்சங்கள் தலைகாட்டும், பார்க்கச் சனம் திரளும். குடும்பநடைக்கு இதைவிடத் தோதான பாதை உண்டா? மூச்சு முட்டும் ஏற்றம் இல்லை, அட்டைக்கடி இல்லை (நக்கிள்ஸ் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்). வழிகாட்டிக்கும் காசு வேண்டாம், அப்பம்மா போதும். வெடித்த சேற்றைக் காட்டி, “இதுதான் நம்ம கடைவாசல்” என்பார். பேரன் அதன்மேல் நின்று செல்ஃபி எடுப்பான்.

கண்டி ஹந்தானையில் தொடங்கும் பீக்கோ மலைநடைப் பாதைக்கு 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், வரைபடம் எல்லாம் இருக்கின்றன; வெளிநாட்டு நிதியும் கிடைத்தது. நம் பாதைக்கு வானம் பார்த்த ஏற்பாடுதான். நீர்மின் நிலையம் நீரை இழுக்க இழுக்கப் பாதை அகலும். ஆகவே வறட்சியோடு மின்வெட்டு அறிவித்தலும் வந்தால், சப்பாத்தைத் துடைத்து வையுங்கள். பருவமழை தொடங்கிவிட்டால் முன்பதிவு எதுவும் செல்லாது.