ராகஞ்சொல்லி

மார்கழி பிறந்தால் சென்னை சபாக்களில் பாடுகிறவர், பக்கவாத்தியக்காரர், ரசிகர் ஆகியோரைத் தவிர நான்காவதாக ஒரு ஜாதி வந்து உட்காரும். ராகஞ்சொல்லி. இவர் பாட்டுக் கேட்க வந்தவர் அல்ல. அதற்குப் பேர் சொல்ல வந்தவர்.

பாடகர் ஆலாபனைக்கு வாயைத் திறந்ததும் இவர் கண்ணை மூடுவார். வலக்கை அந்தரத்தில் நிற்கும். பின்வரிசையில் யாராவது பொட்டலம் பிரித்தால் "உஷ்!" உதடு மட்டும் சத்தமில்லாமல் சினிமாப் பாட்டுகளை ஓட்டிப் பார்க்கும். அவருடைய அகராதி அதுதான். 1977-இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது பொருந்தினால், ரீதிகௌளை. எதுவும் பொருந்தாவிட்டால் "கரகரப்பிரியா" என்று பக்கத்து நாற்காலிக்கு அறிவிப்பார். இரண்டு நிமிஷத்தில் அது தர்பார் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். அவர் அசரமாட்டார். "நான் அப்பாவைச் சொன்னேன், நீங்க பிள்ளையைச் சொல்றேள், அவ்வளவுதானே?" கரகரப்பிரியா என்கிற 22-ஆம் மேளமோ பிள்ளைகுட்டிக்காரக் குடும்பம். தர்பார், நாயகி, ஸ்ரீரஞ்சனி, மத்யமாவதி எல்லாம் அந்த வீட்டில் பிறந்ததுகள். ஆகவே இந்தச் சீட்டு பாதி நாள் ஜெயித்துவிடும்.

பேர் தெரிந்த கணத்தில் அவருடைய கச்சேரி முடிந்தது. நோட்டில் ராகத்தைக் குறித்து, பேனாவை மூடி, கேன்டீனுக்கு நடப்பார்.

எனக்கு வாய்த்த ராகஞ்சொல்லி மாடி வீட்டில் குடியிருக்கிறார். மிக்ஸி ஓடினால் "கட்டை ஏறறது பாருங்கோ" என்பார். குக்கர் விசிலுக்கு சுருதிப் பெட்டியைத் திருகிச் சேர்த்துப் பார்ப்பார். போன வருஷம் தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வந்த லைன்மேனை நிறுத்தி, "அஞ்சு கட்டைக்கு ஒரு இழை மேல நிக்கறது. கொஞ்சம் இறக்க முடியுமா?" என்று கேட்டார்.

"ஆஃப் பண்ணா மொத்தமா இறங்கிடும் சார்."

நானும் சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே இருக்கும் இரும்பு இரண்டு முறை விம்மித் தணிகிறது. ஆக 100 அதிர்வு. ஐந்து கட்டையான 'ஜி', கீழ் ஸ்தாயியில் 98. மனுஷர் சொன்னது சரி! அதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாடியிலிருந்து இறங்கவே மாட்டார்.

ஒருமுறை எனக்கும் காது திறக்கப் பார்த்தார். "ஸட்ஜத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ. அது ஒரு கட்டையோ அஞ்சு கட்டையோ, எங்கே வேணா இருக்கட்டும். மத்ததெல்லாம் அங்கேர்ந்து எவ்வளவு தூரம்னு பாருங்கோ." உருப்படியான பாடம். ஆனால் அதே பாடத்தில், மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம் என்று போனார். நான் பிடித்து வைத்திருந்த ஸட்ஜம் கையை விட்டுப் போனது.

இந்த சீசனில் அவர் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் கிடைத்தது. ராகம் தானம் பல்லவி. பாடகர் ஆரம்பித்தார். மாமா கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சினிமா உதவவில்லை. "கரகர..." என்று தொடங்கி விழுங்கினார். அரை மணி நேரம் நாற்காலி நுனியிலேயே இருந்தார். தானத்தின்போது அவர் தலை தானாக ஆடியது. வயலின் திரும்பச் சொன்ன ஒரு பிடிக்கு "ஆஹா" என்றார். பேர் தெரியாத ஒன்றுக்கு அவர் ஆஹா சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் கண் ஓரத்தில் ஈரம் மாதிரிகூட இருந்தது.

பல்லவிக்கு முன் பாடகர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ராகம், ராகவர்த்தனி."

"முப்பத்திரண்டு! நாக்கு நுனில இருந்தது!" என்றார் மாமா. நோட்டில் எழுதினார்; பேனாவை மூடினார்.

தனி ஆவர்த்தனம் வரை கூடக் காத்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கேன்டீன் பக்கக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.