டீக்கட பெஞ்சு ஜட்ஜய்யா

இன்னா பேராண்டி, எம்.கே.பி. நகர் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கேக்குற மாரி கத்தினுகீற? “அவன்லாம் டிவி பாடகன் தாத்தா, பாடகனே இல்ல”ன்னு. கரீட்டு. நீ குளிக்க சொல்லோ பாடுனா தெரு நாயெல்லாம் கூடவே பாடுது. அம்மாம் பெரிய வித்வான் சொன்னா நான் எதுத்தா பேசப் போறேன்? ஒரு டீ சொல்லு, சக்கர கம்மியா. ரெண்டே சந்தேகம்.

நம்ம எஸ்.பி.பி. இருந்தாரே, 1964ல மெட்ராஸ் தெலுங்குக்காருங்கோ நடத்துன பாட்டுப் போட்டியில மொத பரிசு வாங்குனவரு. போட்டியில அவரு குரலக் கேட்ட மியூசிக் டைரக்டரு கோதண்டபாணிதான் 1966ல சினிமா மைக்கு முன்னால நிறுத்துனாரு. எஸ்.ஜானகியம்மா 1956ல ரேடியோ போட்டியில ரெண்டாவது. ரெண்டாவதுபா! மொத பரிசு யாருக்குன்னு உனுக்குத் தெரியுமா? இந்தியில அர்ஜித் சிங்கு 2005ல ‘ஃபேம் குருகுல்’ன்ற டிவி போட்டியில கடேசி ரவுண்டு வரிக்கும்கூட போகாம வெளிய வந்தவரு. ரேடியோ கதவு வழியா வந்தா சாமி, டிவி கதவு வழியா வந்தா திருட்டுப் பயலா?

நான் ஹார்பர்ல மூட்ட தூக்குனவன். கப்பல் எந்தூரு கப்பல்னு மேஸ்திரி கேப்பாரு. தோள் கேக்காது. அதுக்குக் கனம் மட்டுந்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்க. சூப்பர் சிங்கர்ல 2016ல ஆனந்த் அரவிந்தாக்ஷன் ஜெயிச்சதும் நீங்கல்லாம் இன்னா குதி குதிச்சீங்கோ? “ஏற்கெனவே சினிமாவுல பாடுனவரு, ஏமாத்திட்டாங்கோ”ன்னு. அதாவது, பாடத் தெரிஞ்சவன் பாட்டுப் போட்டியில ஜெயிச்சிட்டானாம்! 2018ல ஜெயிச்ச செந்தில் கணேசு வருசக் கணக்கா ஊர் ஊரா மேட ஏறி நாட்டுப்புறப் பாட்டு பாடுனவரு. அவரயும் டிவி கண்டுபுடிச்சிச்சுன்றான். கடல கண்டுபுடிச்சேன்னு காசிமேட்டுல போய் சொல்லிப் பாரு, வலையால அடிப்பாங்கோ.

உன் கட்சியிலயும் நாயம் இல்லாம இல்ல. பாட்டு முடியுறதுக்குள்ள அம்மா அழுவுறாங்கோ, வயலினு அழுவுது, பின்ன வெளம்பரம். ஆனா அது எடிட்டரு வேல. பாடுன புள்ள தலையில ஏண்டா கட்டுற?

பாட்டுக்காரன சோதிக்கணும்னா சாவு வூட்டுக்குப் போ. சட்டி மேளத்த வெச்சினு விடிய விடிய கானா கட்டுவான். அங்க ரீடேக்கு கெடையாது. ஜட்ஜு நடுவுல படுத்துனுகீறாரு, எழுந்து நின்னு கையும் தட்ட மாட்டாரு. தோ, புளியந்தோப்பு கானா பாலா. வக்கீலுக்குப் படிச்சவரு. நம்ம பக்கத்துலயே பாடினு இருந்தப்ப “சாவுக்குப் பாடுறவன்”னு மூஞ்சியத் திருப்பிக்கினாங்கோ. 2012ல அவரு பாடுன ‘அட்டகத்தி’ படம் வந்துச்சு. மறுநாளே “நம்ம ஏரியாடா”ன்னு காலரத் தூக்கினு போன மொத ஆளு நீதான், நான் பாத்தேன்.

அத்த வுடு. போன சீசன்ல ராத்திரி சோத்தத் தள்ளி வெச்சிட்டு, மூக்க உறிஞ்சினே ஒரு பொண்ணுக்கு ஓட்டு போட்டியே...

அது பேரு இன்னா?

சரி சரி, ஆறுது பாரு, டீயக் குடி.