ஹைட்ரோ-கியூபெக் நிர்வாகத்தாருக்கு ஒரு பனியன்காரனின் விண்ணப்பம்

கனடா தேசத்து மாண்ட்ரியல் மாநகரில் வீற்றிருந்து கியூபெக் மாகாணத்து மின்சாரத்தைப் பரிபாலித்துவரும் மகா கனம் பொருந்திய நிர்வாகத்தாருக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது.

பங்குனி வெயிலில் அயர்னிங் மேஜைக்கு அருகே நிற்க முடியாத ஊரிலிருந்து ஒருவன் வீட்டைச் சூடாக்கும் கருவியைப் பற்றிக் கடிதம் எழுதுவது தங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பிழைப்புக்கும், தங்கள் பிரஜைகளின் வீட்டு ஜன்னல்களுக்கு அடியில் சுவரோரமாக நீண்டு படுத்திருக்கும் அந்தத் தகரப் பெட்டிக்கும் உள்ள சம்பந்தத்தை, அங்கே குடியிருக்கும் என் அக்கா மகன் ஒரு ஜனவரியில் போனில் முகம் காட்டியபோது கண்டுகொண்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி. உள்ளே அவன் அரைக்கை காட்டன் பனியனோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்குள்ள எதுக்குங்க மாமா ஸ்வெட்டரு?" என்றான்.

விசாரித்ததில், அந்தப் பெட்டிக்குள் சூடேறும் கம்பி ஒன்றும் அதன்மேல் நெருக்கமாகக் கோத்த மெல்லிய தகடுகளும் தவிர வேறு எந்த மர்மமும் இல்லை என்பதும், கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து இறங்கும் காற்று அடியில் புகுந்து சூடேறி எழுந்து அறையைச் சுற்றிவருகிறது என்பதும், வாங்கிய மின்சாரம் முழுவதும் உஷ்ணமாகிவிடுகிறது என்பதும் தெரிந்தன. அதன் முன்னே சோபாவைப் போட்டு மூச்சை அடைக்கிறவர்களும், குமிழை 30 வரை திருகினால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நம்புகிறவர்களும் அங்கேயும் உண்டாம். அந்த எண் எங்கே நிற்பது என்பதைச் சொல்லுமேயன்றி வேகத்தைக் கூட்டாது. சூப்பர்வைசர் கத்துவதால் பவர் டேபிள் தையல் மெஷின் இரட்டிப்பாக ஓடாது என்பதை அறிந்த எங்கள் ஊராருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இனி சங்கதிக்கு வருகிறேன். திருப்பூர் பருத்தியால் வாழும் ஊர். கோடைக்கால உடுப்பே எங்கள் பிரதான வியாபாரம். கம்பளி ஸ்வெட்டர் லூதியானாவின் ராஜ்யம். ஆகையால் மேல்நாட்டார் மார்கழியிலும் தையிலும் வீட்டுக்குள் பருத்தி உடுத்தி உலவுமாறு செய்துவரும் தாங்களே எங்கள் கண்கண்ட தெய்வம். 2023 பிப்ரவரியில் கடுங்குளிர் வீசியபோது சுமார் 90 லட்சம் ஜனங்களுக்காகத் தாங்கள் அளித்த மின்சாரம் 43,000 மெகாவாட்டைத் தாண்டியதாம். ஏழு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களையும் இத்தனை மில்களையும் வைத்துக்கொண்டு, 2024 மே மாதத்து வெயிலில் எங்கள் தமிழ்நாடு பெருமையோடு எட்டிய உச்சம் 20,830 தான். அதிலும் தாங்கள் நாளொன்றுக்கு 40 யூனிட் வரை மலிவு விலையில் வழங்குகிறீர்கள். இங்கே 1,500 வாட் பெட்டி ஒன்றை இரவில் எட்டு மணி நேரம் எரியவிட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் ஆகி, ஐந்நூறைத் தாண்டிய அபராதமாகக் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும்.

இவ்வளவு தர்மசிந்தை உள்ள தாங்கள், குளிர் உச்சத்தில் இருக்கும் காலையிலும் மாலையிலும் குமிழைத் தணித்து வைப்பவர்களுக்குச் சலுகைத் தொகை கொடுக்கிறீர்கள் என்று கேட்டு மனம் பதறினேன். இரண்டு டிகிரி தணிந்தால் என் மருமகன் ஸ்வெட்டர் தேடுவான். ஆர்டர் லூதியானாவுக்குப் போகும். 1998 ஜனவரியில் ஐஸ் மழையின் பாரத்தால் தங்கள் மின்கோபுரங்கள் மடிந்து விழுந்து, லட்சக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் கிடந்தபோது அரைக்கை பனியனை யார் சீந்தியிருப்பார்கள்? வெளிக்காற்றின் உஷ்ணத்தையும் இழுத்துச் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் உஷ்ணம் தருகிற ஹீட் பம்ப்பைத் தாங்கள் ஊக்குவிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சூடு எப்படி வந்தாலும் சம்மதமே, குறையாமல் வரவேண்டும்.

ஆகவே அச்சலுகையை உடனே ரத்துசெய்து, அறைதோறும் 24 டிகிரிக்குக் குறையலாகாது என்று உத்தரவு பிறப்பிக்கப் பிரார்த்திக்கிறேன். 27 என்றால் முண்டா பனியனுக்கும் வழி பிறக்கும். அளவுகளைக் குறிப்பிட்டு எழுதினால் சாம்பிள் ஒரு டஜன் அனுப்புகிறேன், விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, கப்பல் கூலி தங்களைச் சேர்ந்தது.