முன்பனிக்காலத்து ஜீப்பொலி: மேட்டூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் அடியிலும், நீர்வரத்து கனஅடியிலும், இருப்பு டி.எம்.சி.யிலும் அளக்கப்பட்டு நாளிதழ்களில் அச்சாகிறது. அதே அணையின் அடிவாரத்தில், மார்கழி விடியலில் கிளப்பப்படும் ஃபோர் வீல் ஜீப்பின் அடிவயிற்றிலிருந்து எழும் ஒலிக்கோ இன்றுவரை ஓர் அலகுகூட வகுக்கப்படவில்லை. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை வடக்கே பாலாறு, கிழக்கே ஏற்காடு, தெற்கே கொல்லிமலை. மேற்கே காவிரி ஓடுவதாலும், ஜீப் அதில் ஓடாததாலும் மேலெல்லை தானே முடிவாகிவிட்டது. பனிக்காலத்தில் ஜீப் சத்தம் போடுவதற்குப் பனியே காரணம் என்பது ஊரறிந்த கொள்கை. அது பிழை, ஒலி ஆண்டு முழுவதும் இருக்கிறது, பனிக்காலத்தில் காதில் விழுகிறது, அவ்வளவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒலிகளை முதலில் வகைப்படுத்துவோம். எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் ஆராய்வதால், ஜீப்பொலிக்கும் பிறப்பிடம் காண்பதே மரபு. வல்லினம்: கிளட்சை விட்டதும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸில் பிறக்கும் ‘டக்’. தேய்ந்த ஊசி பேரிங்குகளுக்கிடையே உள்ள ஆட்டம், இழுவை திசை மாறும் கணத்தில் முட்டிக்கொள்வதால் எழுவது. மெல்லினம்: பின் ஹவுசிங்கில் கிரவுனும் பினியனும் உரசிப் பாடும் ‘ஙொய்ங்’. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி. சேற்றுக்கான பட்டன் டயர் தார்ச்சாலையில் இதே போலப் பாடும். ஆனால் மிதித்தாலும் விட்டாலும் சுருதி மாறாது, வேகத்தோடு மட்டுமே மாறும். இரண்டையும் மயங்கி கிரவுனை மாற்றியவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. இடையினம்: கிளட்சை மிதித்தால் மட்டும் வரும் ரிலீஸ் பேரிங் அரற்றல். ஆய்தம்: பட்டறை வாசலை அடைந்ததும் நின்றுவிடும் ஒலி. இதைப் பற்றி மேலும் ஆராய வழியில்லை.

இனிச் சான்று. குளிரில் கியர் ஆயில் இறுகுவதால் சத்தம் வருகிறது என்பார் கூற்றை ஆராய்வோம். எண்பது டபிள்யூ தொண்ணூறு என டப்பாவில் அச்சிட்ட கியர் ஆயிலின் குளிர்தாங்கும் தன்மையை மைனஸ் 26 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில் மேட்டூரின் பாதரசம் இருபதை ஒட்டி நிற்கும். இந்த நாற்பத்தாறு டிகிரி இடைவெளியைக் கண்டும் காணாமல் விடுவது ஆய்வு நேர்மையாகாது. இருபது டிகிரியிலும் எண்ணெய் தடிக்கத்தானே செய்யும் என்று வினவலாம். தடிக்கும், சரியே. அதனால்தான் முதல் சில நிமிடங்கள் கியர் விழ மறுக்கிறது. ஆனால் தடித்த எண்ணெய் பற்களின் அதிர்வைத் தணிக்குமே ஒழியக் கூட்டாது. நியூட்ரலில் கியர் பாக்ஸ் கடகடப்பது எண்ணெய் சூடேறி இளகிய பிறகே மிகும். குற்றம் சாட்டப்பட்ட எண்ணெயே எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட, அக்கொள்கை இத்துடன் வீழ்ந்தது.

இவ்விடத்தில் இத்துறையின் மூலநூற்பாவை நோக்குதல் தகும்: “ஓட்டிப் பாருங்ண்ணா, செரியாப் போயிரும்.” ஆசிரியர் பெயர் தெரியவில்லை, ஆனால் சேலம் முதல் நாமக்கல் வரை எல்லாப் பட்டறைகளிலும் வாய்மொழியாக வழங்குவது. ‘பாருங்ண்ணா’ என்பதற்குப் ‘பாருங்க சார்’ என்றொரு பாடம் உண்டு. அது கூலியை உயர்த்தும் பொருட்டுச் செய்யப்பட்ட இடைச்செருகல் என விலக்குவர். சங்ககிரிப் பக்கத்துப் பில் புத்தகமொன்றின் மூன்றாம் கார்பன் படியில், மேலிருந்து இரண்டாம் கிரீஸ் கறைக்குக் கீழே, ‘செரியாப்’ வரை தெளிவாகவும் எஞ்சியது சிதைந்தும் கிடைக்கிறது. சிதைந்த பகுதியில் ‘போயிரும்’ இருந்திருக்கலாம், ‘போச்சுன்னா வாங்க’ என்றும் இருந்திருக்கலாம். இரண்டாவதைக் கொண்டால் தத்துவமே மாறிவிடும். உரைகாரர்களுக்குள் பெரும்போர் எழுந்தது இதனாலன்று, நூற்பாவில் எழுவாய் இல்லாததால். செரியாப் போவது எது? வண்டி என்பார் முதல் உரைகாரர். ஒலி என்பார் இரண்டாமவர். மூன்றாமவர் இருவரையும் மறுத்து, தம் உரையை டீ குடித்த பேப்பர் கப்பின் வெளிப்புறத்தில் கிழக்கு நோக்கிய பாதியில் எழுதியிருக்கிறார்: செரியாப் போவது கேட்பவரே. கப்பின் மேற்குப் பாதி நனைந்துவிட்டமையால் அவர் காட்டிய சான்றுகள் கிடைத்தில. எனினும் இக்கட்டுரைக்கு உகந்த முடிவைக் கூறியிருப்பதால் அவரே தலைசிறந்த உரைகாரர் எனக் கொள்ளப்படுகிறார். உயராய்வில் இது வழக்கமான நெறியே.

மூன்றாம் உரையை மறுப்பார் மூன்று தடைகளை எழுப்புவர். முதல் தடை: விடியல் அமைதியானது, அதனால் ஒலி கேட்கிறது என்றால், மார்கழியில் ஏது அமைதி? நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறதே. விடை: ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டு தொடங்கும் இடைவெளி சில மாத்திரை நீளும். ஒரு ‘டக்’குக்கு அது தாராளம். இரண்டாம் தடை: அவ்வேளையில் ஓட்டுநர் மங்கி கேப்பும் மஃப்ளரும் அணிந்து காதை அடைத்திருக்கிறார், எப்படிக் கேட்கும்? இதுவே நம் கொள்கைக்கு அரணாகிறது. காதை அடைத்தால் வெளியோசை குறையும். எலும்பு வழியே வரும் தாழ்ந்த ஒலியோ மிகும். விரலால் காதைப் பொத்திக்கொண்டு முனகிப் பார்ப்போர் இதை உடனே உணர்வர். கிரவுன் சத்தம் சீட்டு வழியாக முதுகெலும்பில் ஏறி வருகிறது. குல்லா அதற்குக் கதவடைப்பதில்லை, சபை அமைத்துக் கொடுக்கிறது. மூன்றாம் தடை வலுவானது: காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது குளிரக் குளிரச் சத்தம் கூடுகிறதே? கூடுவது 70 கொண்டை ஊசி வளைவுகளால். காய்ந்த தாரில் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருப்பதால் முறுக்கேறி, டயர் துள்ளி, கியர்கள் முனகுகின்றன. சித்திரை வெயிலிலும் இதே முனகல் கேட்கும்; அப்போது பழியேற்கப் பனி இருப்பதில்லை.

இவ்வொலியின் காலம் பற்றி நிலவும் பூசலையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வில்லீஸ் ஜீப் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். இந்தியாவில் மஹிந்திரா அதைப் பூட்டத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதியில். ஆகவே ஒலிக்கு முக்கால் நூற்றாண்டு வயது போதும். அது போதாதென்று, கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் தேரச்சிலேயே இவ்வொலி இருந்ததென நிறுவ ஒரு சாரார் முயல்கின்றனர். எதையும் ஈராயிரம் ஆண்டு பின்னே தள்ளினாலன்றித் தூக்கம் வராத புலவர் மரபு அது. இன்னொரு சாரார் இதைப் பன்னாட்டுக் கருத்தரங்கில் விவாதிக்கலாம் என்கிறார்கள். காணொளியில் மலேசியாவிலிருந்து ஒருவர் தலைகாட்டினால் பன்னாடு நிறைவேறும். பதிவுக் கட்டணம் கட்டினால் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் கிடைக்கும், கட்டுரையை எவரும் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. அத்தொகைக்கு ஒரு கிராஸும் இரண்டு லிட்டர் கியர் ஆயிலும் வாங்கலாம் என்பது மட்டும் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

முடிவு வருமாறு. சில கிலோமீட்டரில் அடங்கும் சத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுதலாம், கவலைப்பட வேண்டாம். சூடேறச் சூடேறக் கூடுவதும், அதிர்வோடு வருவதும் பனியின் வேலையன்று. மலை ஏறுமுன் கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் ஹவுசிங் ஆகியவற்றில் எண்ணெய் அளவைப் பாருங்கள். கிராஸுக்கு கிரீஸ் அடியுங்கள். தாரில் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். அவர்கள் வண்டி ஓட்டுவதில்லை.