ஜூலியின் அட்டெண்டர்

கருத்தடை ஆபரேஷன் முடிந்த பெண் நாய், பழைய பெட்ஷீட்டில் சுருண்டு காரின் பின்சீட்டில் வீடு திரும்பும்போது, அந்த வீட்டில் ஒருவர் அட்டெண்டராகப் பொறுப்பேற்கிறார். இவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஆபீசில் "வீட்ல ஒருத்தருக்கு ஆபரேஷன்" என்று லீவு சொல்லியிருப்பார். யாருக்கு என்று கேட்டால் "சின்னவளுக்கு" என்பார். "நாய் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பவருக்கு, "ஜூலியா? இருக்கா" என்று முகம் கொடுக்காமல் பதில் வரும்.

முதல் இரவில் மயக்க மருந்தின் மிச்சத்தால் நாய் முனகும், தள்ளாடும், சோற்றைத் தொடாது. பெரும்பாலும் மறுநாளே இதெல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஆனாலும் அட்டெண்டர் பக்கத்தில் பாய் விரித்து, மூச்சு வருகிறதா என்று அடிக்கடி மூக்கருகே விரலை வைப்பார். அசந்து தூங்கும் நாய் ஒவ்வொரு முறையும் விழித்துப் பார்க்கும். நள்ளிரவில் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தால் 101.5 காட்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பான சூடுதான். இது அட்டெண்டருக்குத் தெரியவருவது, டாக்டரைப் போனில் எழுப்பிய பிறகு.

மாத்திரை கொடுப்பது அடுத்த கட்டம். இட்லிக்குள் புதைத்து ஊட்டுவார். நாய் இட்லியை முழுதாகத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் துடைத்து வைத்தாற்போல் டைல்ஸில் விட்டுப் போகும். பிறகு வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த சிக்கனில் அதே மாத்திரை மறுபடி பயணப்படும்.

பிறரிடம் அட்டெண்டர் படு கறார். தலைவலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்லும் மாமாவிடம், மனிதர் விழுங்கும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பாடம் எடுப்பார். "நக்கியே ஆத்திக்கும், விடுப்பா" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், நக்கினால் தையல் பிரியும், கிருமி சேரும் என்று கேட் வரை வந்து விளக்குவார். காலையும் மாலையும் தையலைப் போட்டோ எடுப்பார். லேசான சிவப்பும் வீக்கமும் முதல் சில நாள் இருக்கும். சீழோ நாற்றமோ வந்தால், தையல் வாய் பிளந்தால், உடனே டாக்டரிடம் போகவேண்டும். இந்தப் போட்டோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு டிபன் நேரத்தில் போய்ச் சேரும்.

இந்தக் கண்டிப்பு நாயிடம் மட்டும் செல்லாது. கழுத்தில் மாட்டிய கூம்புக் காலரோடு அது கதவு நிலையில் இடித்துக்கொண்டு, திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அவ்வளவுதான். "பாவம், தண்ணியாவது நிம்மதியா குடிக்கட்டும்" என்று காலர் கழலும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். போன் மணி அடித்துத் திரும்புவதற்குள் நாக்கு தையலுக்குப் போயிருக்கும்.

மூன்றாம் நாள் வாக்கில் நாய் தேறிவிடும். சிக்கலும் அப்போதுதான் ஆரம்பம். வெளித்தோல் ஒட்டினாலும் உள்ளே வயிற்றுத் தசை சேர நாளாகும். அதனால் ஓட்டம், தாவல், மாடிப்படி, குளியல் எதுவும் 14 நாளைக்குக் கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கும். வெளிக்குப் போவதும் வார் பிடித்துத்தான். ஆனால் கூரியர்காரரின் ஹாரன் கேட்டால் அது சோபா மேலேறி ஜன்னலுக்குத் தாவும். அட்டெண்டர் அதை அதட்டமாட்டார்; சோபாவைக் கவிழ்த்து வைப்பார். வீட்டார் அனைவரும் தரையில் அமர்ந்து டிவி பார்ப்பார்கள். காலடியில் வந்து படுக்கும் நாய்க்கு இது புதுச் சலுகையாகத் தோன்றும்.

தையல் பிரிக்கும் நாளில் நாய் கம்பவுண்டரிடம் வாலாட்டும். அட்டெண்டர் தன் இடுப்பைப் பிடித்தபடி நிற்பார். "காலரைக் கழட்டாம வெச்சிருந்தீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "கழட்டவே இல்லை, டாக்டர்" என்று பதில் வரும். டாக்டருக்கு இந்தப் பதில் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.